வீட்டுக்கு வந்த சர்க்கரைப் பரிசோதனை

நீரிழிவு நோயாளிகள் வெகுகாலம் வீட்டில் சோதித்துப் பார்த்தது சிறுநீரைத்தான். பெனடிக்ட் கரைசலில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சினால், சர்க்கரையின் அளவுக்கேற்ப நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், செங்கல் நிறமாகும். 1940-களில் வந்த கிளினிடெஸ்ட் மாத்திரையால் அடுப்பு தேவையற்றுப் போனது. ஆனால் இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் அது சிறுநீரில் தெரியும். ஆபத்தான தாழ்சர்க்கரையை இச்சோதனை காட்டவே காட்டாது.

1965-இல் ஏம்ஸ் நிறுவனம் டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் பட்டையை வெளியிட்டது. அதில் ஒரு பெரிய இரத்தத் துளியை வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, நீரில் கழுவி, நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். அந்த நிறத்தை அளக்க அன்டன் கிளெமன்ஸ் உருவாக்கிய கருவி 1970 வாக்கில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. எடை ஒரு கிலோவுக்கு மேல், விலை சுமார் 500 டாலர். அதுவும் மருத்துவர்களுக்கு மட்டுமே. நோயாளி கேட்டால் கிடைக்காது.

சிறுவயதிலிருந்தே நீரிழிவோடு வாழ்ந்த பொறியாளர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன், மருத்துவரான மனைவியின் பெயரில் ஒன்றை வாங்கினார். தன்னையே அன்றாடம் சோதித்து இன்சுலின் அளவைச் சீராக்கிக்கொண்டார். இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. விடாப்பிடியானவர், நாற்பத்தைந்து வயதில் மருத்துவக் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார். 1978-இல் பிரிட்டிஷ் மருத்துவர்களின் ஆய்வுகள் வீட்டுச் சோதனை சாத்தியமே என்று காட்டின. கருவிகள் சிறுத்து மலிந்தன. பட்டைகளின் தொடர்செலவு மட்டும் நோயாளியின் தலையில் நின்றது. இன்சுலின் போடாதவர்களுக்கும் அச்செலவை அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு ஏற்றது 1998-இல்தான்.