திருமேனி நன்றாக

திருத்தணிக்கு வருகிறவர்கள் 365 படி ஏறி முருகனைப் பார்த்துவிட்டு ரயிலைப் பிடிக்கிறார்கள். ஊரில் வீரட்டானேசுவரர் கோயில் என்று ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவ அபராஜிதன் காலத்தில், நம்பி அப்பி என்பவன் எடுப்பித்தது. அங்குள்ள வெண்பா ஒன்றை அரசனே பாடினான் என்று கல்வெட்டே சொல்லுகிறது. சோழனிடம் நாட்டைப் பறிகொடுக்கப் போகிறவன், தன் குடி ஒருவன் கட்டிய கோயிலுக்கு வெண்பா பாடிக் கொடுத்திருக்கிறான். கல்லில் யார் பேசுகிறார்கள், யாருக்காகப் பேசுகிறார்கள் என்ற கேள்வி எனக்கு இங்கிருந்துதான் பிறந்தது. அதே கேள்வியைச் சீனக் கரையில் கிடந்த ஒரு தமிழ்க் கல்லிடம் கேட்டுப் பார்க்கலாம்.

சுவான்சௌ துறைமுகத்தில், அராபியர்கள் ஜைத்தூன் என்று அழைத்த ஊரில், 1956இல் அந்தக் கல் அகப்பட்டது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம்; அதாவது கி.பி. 1281. சம்பந்தப்பெருமாள் என்கிற தவச்சக்கரவர்த்திகள், செகசைகான் திருமேனி நன்றாக இருக்க வேண்டி, கானின் பர்மான்படி சிவனை எழுந்தருளப் பண்ணினார் என்பது செய்தி. கீழே ஒரு வரி சீன எழுத்து. செகசைகான் என்பது குப்ளாய்கான்தான் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. கோயிலின் பெயரிலேயே 'கான்' இருப்பதாகப் படித்தவர்கள் உண்டு. 'கதலி' என்று படித்தவர்களும் உண்டு. முதல் பாடம் சரியென்றால், ராஜராஜேச்சுரம் மாதிரி ஒரு மங்கோலியன் பெயரில் ஈச்சுரம்.

இந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு மேடையேறுகிறவர்கள் நம்மிடையே அதிகம். சீனத்திலும் தமிழன் கொடி பறந்தது என்பார்கள். எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடில்லை. கல்லில் கொடி இல்லை. ஒரு மனு இருக்கிறது. அப்போது மதுரையில் மாறவர்மன் குலசேகரன் ஆண்டுகொண்டிருந்தான். அவனைப் பற்றி ஒரு சொல் கிடையாது. 'திருமேனி நன்றாக' என்பது நம் கோயில்களில் நம் அரசர்களுக்காக வெட்டிய வாசகம். அதை அப்படியே எடுத்து ஒரு நாடோடிக் குலத்துச் சக்கரவர்த்திக்குப் போட்டுவிட்டார்கள். ஆள் மாறினான், வாசகம் மாறவில்லை.

அந்தத் திருமேனி நன்றாக இருந்ததில் யார் உடம்பு வீழ்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுவான்சௌவின் கடல் வாணிபத்தைக் கையில் வைத்திருந்த முஸ்லிம் பெருவணிகன் பூ ஷௌகெங், சுங் அரசைக் கைவிட்டு மங்கோலியர் பக்கம் சாய்ந்தான். 1276-77இல் அந்த நகரில் வாழ்ந்த சுங் அரச குலத்தவரைக் கொன்று தீர்த்தான். துறைமுகம் தப்பியது, வியாபாரம் தப்பியது. நான்கு வருஷம் கழித்து அங்கே தமிழ்ச் சிவன் எழுந்தருளுகிறார். நடுவில், 1279இல், ஜப்பான் மீது படையெடுக்க 600 கப்பல் கட்டச் சொல்லி நான்கு இடங்களுக்குக் குப்ளாயின் ஆணை போயிருந்தது. சுவான்சௌ அவற்றில் ஒன்று. கலாச்சாரப் பரிவர்த்தனை என்ற சொல்லை இதையெல்லாம் நினைக்காமல் உச்சரிக்க என்னால் முடியவில்லை. அதற்காகச் சம்பந்தப்பெருமாளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் மனம் வரவில்லை. அந்நிய ஊரில் பிழைக்கிறவன் யார் ஆண்டாலும் நன்றாக இருக்கட்டும் என்றுதான் சொல்லுவான்.

கல்லில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 'பர்மான்' என்ற சொல். 1953 முதல் 1960 வரை ஆந்திரத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த ஊர் எங்களுடையது. ஆள்கிறவன் மாறினால் ஆபீஸ் பாஷை மாறும் என்பது எல்லையோரத்தில் இருப்பவனுக்குத் தெரிந்த விஷயம். தாசில், ஜமாபந்தி போன்ற பாரசீக வாடை வீசும் சொற்கள் நவாபுகளோடும் சுல்தான்களோடும் தரைவழியே வந்தவை. பர்மான் அப்படியல்ல. மாலிக் காபூர் மதுரைப் பக்கம் வருவதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே, மங்கோலியன் ஆணைக்குப் பாரசீகப் பெயராக, சீனத்துக் கல்லில் தமிழ் எழுத்தில் அது ஏறிவிட்டது. இந்த மூன்று பாஷைக்காரர்களில் எவனும் அதைத் திட்டமிட்டிருக்க மாட்டான்.

பாரசீகத்திலும் மங்கோலியர் ஆட்சிதான். அங்கே இல்கான்களிடம் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்த ஜமாலுத்தீன், கீஷ் தீவிலிருந்து பாண்டிய நாட்டுக்கு வருஷம் 1,400 குதிரை அனுப்பினான் என்கிறார் அந்நாட்டுச் சரித்திரக்காரர் வஸ்ஸாஃப். ஒன்றின் விலை 220 பொற்காசு. வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் கஜானா பணம் கொடுத்தது! வந்திறங்கியவற்றுக்கு நம்மவர்கள் நெய்யில் தாளித்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்களாம். குதிரை முதுகிலேயே வளர்ந்த இனம் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்கும்? ஜமாலுத்தீனின் சகோதரன் தக்கியுத்தீன் பாண்டியனுக்கு மந்திரி. மகன் பக்ருத்தீன், கஸான்கானின் தூதனாகச் சீனம் போய்விட்டுத் திரும்பும் வழியில் 1305 வாக்கில் இறந்து, பாண்டிய மண்ணிலேயே அடக்கமானான். வாளோடு நுழையாத தேசத்தில் மங்கோலிய ஆட்சி கணக்குப் புத்தகமாக நுழைந்தது என்று இதைச் சொல்லலாம்.

வாளோடு வந்த ஒரு மங்கோலியனும் உண்டு. 1311இல் மாலிக் காபூர் சேனையில் அபாச்சி என்ற தலைவன் இருந்தான். அவன் பாண்டியனோடு சேர்ந்துவிட எண்ணி முன்னால் போனதாக இசாமி எழுதுகிறார். எதிர்ப்பட்ட பாண்டியப் படையிடம் பேச துபாஷியை அனுப்பினான். அவர்கள் அம்பு எய்தார்கள், துபாஷி செத்தான். அபாச்சி திரும்பி ஓடிக் காபூரிடம் பிடிபட்டு, தில்லியில் தலையிழந்தான். சுவான்சௌவில் மூன்று பாஷைகள் ஒரு கல்லில் இடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்தன. இங்கே ஒரு துபாஷி வாய் திறக்க அவகாசம் கிடைக்கவில்லை.

சீனத்தில் மங்கோலியருக்கு அந்திமக் காலம் வந்ததும் சுவான்சௌவின் அந்நியர்களுக்கும் வந்தது. 1357இல் மூண்ட கலகம் 1366 வரை நீடித்தது. 1368இல் மிங் ஆட்சி. ஈச்சுரம் போய்விட்டது. அதன் உடைசல் என்று கருதப்படும் தூண்கள் இரண்டு, அவ்வூர்க் கையுவான் பௌத்த ஆலயத்தின் பின்புறத்தில் இன்றும் கூரையைத் தாங்கி நிற்கின்றன. நரசிம்மம் இருக்கிறது, மருதமரங்களுக்கிடையில் உரலை இழுத்துக்கொண்டு தவழும் கண்ணன் இருக்கிறான். புத்தரைக் கும்பிட்டுவிட்டுச் சுற்றி வருகிறவர்கள் அவற்றைக் கடந்து போகிறார்கள்.