கூலி, சாமி என்னும் இரு சொற்கள்

சொல்லும் பொருளும் அம்மையும் அப்பனும் போலப் பிரிவின்றி நிற்பன என்பது ஆன்றோர் கொள்கை. அங்ஙனமிருப்ப, ஒரு சொல்லினின்றும் அதன் நற்பொருளைப் பறித்து, இழிபொருளைப் புகுத்தி, ஒரு நாட்டு மக்கள் அனைவர்மீதும் அதனைச் சார்த்துதல் பெருங்குற்றமாம். இக்குற்றம் நந்தமிழ்ச் சொற்கள் இரண்டன்பால் தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்தது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

1860ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள், சென்னையினின்றும் புறப்பட்ட ட்ரூரோ என்னுங் கப்பல் நேட்டாலிலுள்ள டர்பன் துறையை அடைந்தது. அதன்கண் வந்தோர் 342 பேர். ஐந்தாண்டு உழைப்பதாக ஒப்பந்தஞ் செய்துகொடுத்து, பெரும்பாலும் கரும்புத் தோட்டங்கட்குச் சென்றவர் அவர். 1911ஆம் ஆண்டில் நேட்டாலுக்கு ஆள் அனுப்புதல் நிறுத்தப்படுங்காறும் இவ்வாறு சென்றவர் தொகை 1,52,000க்கு மேற்பட்டது. அவருட் பெரும்பாலார் சென்னை மாகாணத்தினின்றும் சென்றவரே.

கூலி என்பது உழைப்பிற்குரிய ஊதியம். உழைத்தவன் தலைநிமிர்ந்து கேட்டற்குரிய பொருள். ஆங்கிலத்திற் புகுந்த அச்சொற்குப் பிறப்பு வேறு கூறுவாரும் உளர். எவ்வாறாயினும், தமிழன் செவிக்கு அது கூலி என்றே கேட்கும். வெள்ளையர் வாயில் அச்சொல் ஊதியத்தை விட்டு ஆளுக்காயிற்று. பின்னர் ஆளை விட்டு இந்தியர் அனைவர்க்கும் பெயராயிற்று. வணிகர் 'கூலி வணிகர்' எனப்பட்டனர். 1893ஆம் ஆண்டு அங்குச் சென்ற காந்தியடிகளும் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டார். டிரான்ஸ்வாலில் இயற்றப்பட்ட 1885ஆம் ஆண்டின் 3ஆம் சட்டமோ, 'கூலிகள் எனப்படுவோர்' என்னுந் தொடரைத் தன்னகத்தே கொண்டு, அவர்க்குக் குடியுரிமை இல்லையென விதித்தது. தெருவிற் பிறந்த வசை சட்டத்தில் ஏறியமை காண்க.

இனிச் சாமி என்னுஞ் சொல்லை நோக்குவாம். முத்துச்சாமி, கந்தசாமி, இராமசாமி எனத் தமிழர் பெயர்கள் பல இறைவன் பெயரால் முடிவன. அம்முடிபைக் கேட்ட வெள்ளையர், இந்தியர் யாவரையும் 'சாமி' என்றே எள்ளியழைத்தனர். தலைவன் எனப் பொருள்படுஞ் சொல்லை, தலைவனென்று தம்மைக் கருதினோர் தம் ஏவலாளர்க்கு இட்டனர்! அது தலைவனைக் குறிக்குஞ் சொல்லென எடுத்துக்காட்டி, அவ்வாறு அழைத்தாரை நாணச் செய்த இந்தியரும் இருந்தனரெனக் காந்தியடிகள் தம் வரலாற்றிற் குறித்துள்ளார்.

பெயர் இழிந்தவழி உடம்பிற்கும் காப்பில்லை. 1894ஆம் ஆண்டில் பாலசுந்தரம் என்னுந் தமிழர், முதலாளி அடித்தமையால் முன்பற்கள் இரண்டு உடைந்து, குருதி ஒழுகும் வாயோடு காந்தியடிகளிடம் வந்தார். அந்நிலையிலும் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் ஏந்தியே நின்றார். வெள்ளையரைக் காணுங்கால் அங்ஙனஞ் செய்தல் ஆண்டு வழக்கமாயிருந்தது. அதனைத் தலையிற் கட்டிக்கொள்ளுமாறு அடிகள் கூறினார். அம்முதலாளி நீதிமன்றத்திற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். பாலசுந்தரம் வேறொருவரிடம் மாற்றப்பட்டார்.

ஒப்பந்தம் முடிந்தபின் மீண்டும் ஒப்பந்தம் எழுதாது அந்நாட்டிலேயே தங்க விரும்புவார்மீது, ஆண்டிற்கு 3 பவுன் வரி விதிக்கும் சட்டம் 1895ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. முதலாண்டுச் சம்பளம் திங்களுக்குப் பத்து ஷில்லிங்கே. எனவே இவ்வரி ஆறு திங்கட் சம்பளமாம். உழைப்பு வேண்டும், உழைத்தவன் அயலிற் குடியிருத்தல் வேண்டா என்பதே அதன் கருத்து.

1913ஆம் ஆண்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். அவரைத் தூண்டியவர் டிரான்ஸ்வாலினின்றும் சென்ற தமிழ்ப் பெண்மணிகள். நவம்பர் 6ஆம் நாள் ஆடவர் 2,037 பேர், பெண்டிர் 127 பேர், குழந்தைகள் 57 பேர் எல்லை கடந்து நடந்தனர். சிறைசென்று நோயுற்ற வள்ளியம்மை என்னும் பதினாறு வயது நங்கை, 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் உயிர் நீத்தாள். அவ்வாண்டிலேயே வரி ஒழிந்தது. வசைச்சொல்லோ எளிதில் ஒழிந்திலது.

இனி, அன்பர்கள் கூர்ந்து நோக்கற்பாலது ஒன்றுண்டு. கூலி என்னும் பெயருக்கு அஞ்சி, முஸ்லிம் வணிகர் சிலர் தம்மை அரபியர் என்றும், பார்சிகள் தம்மைப் பாரசீகர் என்றும் கூறிக்கொண்டனர். வசையை மறுத்தாரல்லர், அது தம்மீது படாது விலகினர். ஆண்டிருந்த இந்தியர் பலர், அந்நாட்டுக் கருநிற மக்களை அவர் வெறுக்கும் இழிபெயராலேயே அழைத்தனர். காந்தியடிகளின் அக்கால எழுத்துக்களிலும் அச்சொல் உண்டு. ஈழத்து மலைநாட்டில் தேயிலை வளர்த்த நம்மவரைத் 'தோட்டக்காட்டான்' என்று இழித்தோருள்ளும் தமிழர் உளர். திருநீறு பூசியோரும் உளர்.

வசையால் துன்புற்றவனுக்கு இருவழி உண்டு. அவ்வசையைத் தனக்குக் கீழுள்ளானெனக் கருதுவான்மீது இறக்கிவைத்தல் ஒன்று. எவர்மீதும் அதனைச் சார்த்தலாகாதெனத் துணிதல் மற்றொன்று. முன்னதே எளிது, ஆதலின் உலகத்திற் பெரிதும் வழங்குவது. நேட்டாலில் சாமி என்னுந் திருப்பெயர் இழிக்கப்பட்டமைக்கு வருந்தும் நாம், நம் வீட்டு முற்றத்திலும் வயற்புறத்திலும் உழைப்பாரை எப்பெயரிட்டு அழைக்கின்றோம் என்பதனை நம் செவியாற் கேட்டல் வேண்டும். அவர்க்கும் பெற்றோர் இட்ட பெயர் உண்டு. அப்பெயரைக் கேட்டறிந்து அழைத்தலினின்றும் இவ்வறம் தொடங்குக.