ரொமேரோ கடிந்த பள்ளி

பேராயர் ரொமேரோவை நாம் மறையுரைகளில் அடிக்கடி நினைவுகூர்கிறோம். 1980 மார்ச் 24 அன்று திருப்பலி நிறைவேற்றுகையில் சுடப்பட்டு இறந்த அவர், 2018இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். அவரே 1973இல் ஒரு கத்தோலிக்கப் பள்ளியைக் கடிந்தெழுதினார் என்பதை அறிந்தோர் நம்மில் சிலரே.

எல் சால்வதோர் நாட்டுத் தலைநகரில் இயேசு சபையார் நடத்திய சான் ஹொசே எக்ஸ்டெர்னாடோ அப்பள்ளி. வசதி படைத்தோரின் பிள்ளைகள் பயின்ற இடம். 1968இல் மெடலின் நகரில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் ஏழையரின் துயரைத் திருச்சபையின் கண்முன் நிறுத்தினர். 1971ஆம் ஆண்டின் உரோமை ஆயர் மாமன்றமோ, நீதிக்காக உழைப்பது நற்செய்தி அறிவிப்பின் உட்கூறு என்றே உரைத்தது. இவ்வேடுகளைப் படித்துவிட்டு அலமாரியில் வைக்க (நம் வழக்கம் அதுவன்றோ!) அவ்வாசிரியர்களுக்கு மனம் வரவில்லை. சமூகவியல் பாடத்தையொட்டி மாணவரை நகரின் ஏழ்மைக் குடியிருப்புகளுக்கு அழைத்துச் சென்றனர். கண்டு திரும்பிய பிள்ளைகள் தம் வீட்டிலேயே வினா எழுப்பினர்.

பெற்றோர் வெகுண்டனர். பள்ளியில் மார்க்சியம் புகட்டப்படுகிறது என்ற பழி நாளேடுகளில் ஏறிற்று. அரசும் விசாரணையில் இறங்கிற்று. அந்நாளில் துணை ஆயராகவும் மறைமாவட்ட இதழின் ஆசிரியராகவும் இருந்த ரொமேரோ, அக்கல்வியை விடுதலையின் போலி எனப் பழித்தார். பேராயர் லூயிஸ் சாவேஸ் அமைத்த குழுவோ ஆராய்ந்து பள்ளியின் பக்கம் நின்றது. பள்ளியினரும் வாளாவிருக்கவில்லை. தம் கல்விமுறை திருச்சபையின் போதனையில் வேரூன்றியதே என அறிக்கைகள் வாயிலாக விளக்கினர். ஓர் ஆசிரியர் குழாம் தன் ஆன்மிகத்தை ஊரறிய எடுத்துரைக்க நேர்ந்த அரிய தருணம் அது.

அதே ஆண்டு சூலை 31, புனித இஞ்ஞாசியார் திருநாள். ஸ்பெயினின் வலென்சியா நகரில் ஐரோப்பியப் பழைய மாணவர் மாநாட்டில் இயேசு சபைத் தலைவர் பேதுரு அருப்பே உரையாற்றினார். 1945இல் ஹிரோஷிமாவின் புறநகரில் நவதுறவியரின் பயிற்றுநராக இருந்து, அணுகுண்டால் வெந்தோரைத் தம் இல்லத்தில் கிடத்தி மருந்திட்டவர் அவர். துறவு பூணுமுன் மருத்துவம் பயின்றவர். உங்களை நீதிக்காக உருவாக்கினோமா என்று அவர் வினவினார். இல்லை என்று பணிவோடு தாமே விடையும் கூறினார். அவையோர் பலர்க்கு அது கசந்தது.

ரொமேரோவின் மனம் மாற ஆண்டுகள் ஆயின. அவருடைய நண்பர் அருட்தந்தை ருத்திலியோ கிராந்தே 1977 மார்ச் 12 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வுடலருகே அவர் கழித்த இரவைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர்.

நாம் தாளாளராயிருந்த ஒரு பள்ளியில் ஆசிரியர் தியானத்தின்போது அருப்பேயின் வினாவை எடுத்துரைத்தோம். ஒரு மணி நேரம் பேசினோம். நன்றாகவே பேசினோம் என்ற நினைப்பும் நமக்கிருந்தது. இறுதியில் ஓர் ஆசிரியை எழுந்து, "சாமி, நம்ம ஆயாவுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு என்று தெரியுமா?" என்றார். நமக்குத் தெரியவில்லை. அன்று மாலையே கணக்கேட்டைப் பார்த்தோம். ஊதியத்தை உயர்த்தவோ மறு கல்வியாண்டு ஆயிற்று.