அழகுசாதனக் கொள்கலன்: நிறமும் மேற்பூச்சும்

முகப்பூச்சு, உதட்டுச்சாயம், வாசனைத் திரவியம் போன்றவற்றை அடைத்து விற்கும் புட்டி, சிமிழ், டியூப், மூடி ஆகியவற்றுக்கு ஏற்ற நிறத்தையும் மேற்பரப்பின் தன்மையையும் முடிவுசெய்வது பொதிகலன் தயாரிப்பின் ஒரு பிரிவு. வடிவமைப்பாளரின் ரசனை சார்ந்த வேலையாக இது தோன்றும். உண்மையில் உள்ளே அடைக்கும் பொருளும் கொள்கலனின் மூலப்பொருளும் பாதி முடிவை முன்பே எடுத்துவிடுகின்றன.

ரெட்டினால், வைட்டமின் சி போன்றவை ஒளிபட்டால் சிதையும். அவற்றுக்குப் பழுப்புக் கண்ணாடியோ ஒளி புகாத கொள்கலனோ வேண்டும். ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக்கில் நுண்விரிசல் விழும்; அதனால் கனத்த அக்ரிலிக் ஜாடிகளுக்குள் பாலிபுரோப்பிலீன் கிண்ணம் ஒன்றைப் பொருத்துகிறார்கள். இத்தகைய ஜாடிகளில் வண்ணத்தைப் பெரும்பாலும் வெளிச்சுவரின் உட்பக்கத்தில் தெளிப்பார்கள். வெளியே நகம் பட்டாலும் வண்ணம் உரியாது. தடித்த அக்ரிலிக் வழியே பார்க்கும்போது பளபளப்புக்கு ஓர் ஆழமும் கிடைக்கும்.

நிறமேற்றும் வழிகள்

மலிவானதும் உறுதியானதும் பிளாஸ்டிக்கோடு நிறத்தையும் சேர்த்தே வார்ப்பது. மாஸ்டர்பேட்ச் எனப்படும் செறிந்த நிறமித் துகள்களைப் பொதுவாக நூற்றுக்குச் சில பங்கு கலந்தால் போதும். கீறல் விழுந்தாலும் உள்ளேயும் அதே நிறம்தான். மேலே தெளிக்கும் பூச்சில் முத்துப் பளபளப்பு, மேலிருந்து கீழாக நிறம் கரைந்து மறையும் தோற்றம் போன்றவை எளிதில் கைகூடும். ஆனால் ஒவ்வொரு பூச்சும் செலவையும் கழிவையும் கூட்டும். கண்ணாடியின் பனிமூட்டத் தோற்றத்தை அமிலத்தால் அரித்தும் பெறலாம், பூச்சாலும் பெறலாம்.

உதட்டுச்சாயக் குழலின் தங்க நிறம் பல நேரங்களில் தங்கமே அல்ல, அலுமினியம். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வார்த்த குழலுக்கு முதலில் ஓர் அடிப்பூச்சு அடித்துப் புறஊதா ஒளியில் உலர்த்துகிறார்கள். வழவழப்பான அந்தத் தளம் இல்லாவிட்டால் வார்ப்பின் சிறு குறையும் பளிச்சென்று தெரிந்துவிடும். பிறகு குழல்களை வெற்றிடக் கலத்தில் சுழலவிட்டு, டங்ஸ்டன் இழையில் அலுமினியத்தை ஆவியாக்குகிறார்கள். ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கைவிடவும் மெல்லியதாக அது படியும். அதன்மேல் மஞ்சள் சாயம் கலந்த தெளிபூச்சு அடித்தால் தங்கம். சாயத்தை மாற்றினால் ரோஜாத் தங்கம், செம்பு. உலோகக் குழலாக இருந்தால் அலுமினியத்தை அனோடைசிங் செய்து, ஆக்சைடு படலத்தின் நுண்துளைகளில் சாயத்தை ஊறவைத்து மூடுவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கையில் எடுத்தால் எடையும் குளிர்ச்சியும் காட்டிக்கொடுத்துவிடும். பெயர், சின்னம் போன்ற சிறு இடங்களுக்கு மட்டும் தங்கம் வேண்டுமென்றால் ஃபாயிலைச் சூட்டால் அழுத்திப் பதிக்கும் ஹாட் ஸ்டாம்பிங்கே போதும்.

மேட் பூச்சுகளில் அதிகம் விரும்பப்படுவது வெல்வெட்டைத் தொடுவதுபோன்ற பாலியூரித்தேன் பூச்சு. 1994இல் தொடங்கிய நார்ஸ் நிறுவனத்துக்காக ஃபேபியன் பரோன் வடிவமைத்த ரப்பர்த் தன்மையுள்ள கறுப்புச் சிமிழ்கள் இந்தத் தொடுவுணர்வைப் பிரபலமாக்கின. இப்பூச்சில் விரல் ரேகையும் பவுடரும் ஒட்டும். தரம் குறைந்தவை ஈரமும் வெப்பமும் மிகுந்த இடங்களில் நாளடைவில் பிசுபிசுக்கும். கடலோர ஊர்ச் சந்தைக்கு இதைத் தேர்வதில் நிதானம் தேவை.

ஒட்டுமா, ஒத்துப்போகுமா

பாலிபுரோப்பிலீனில் மை எளிதில் ஒட்டாது. அச்சிடுமுன் சுடரில் காட்டியோ கொரோனா மின்னிறக்கத்தாலோ மேற்பரப்பைப் பதப்படுத்த வேண்டும். பூச்சில் கட்டம் கட்டமாகக் கீறி, ஒட்டுநாடாவை ஒட்டிச் சட்டென்று உரித்து, பிடிப்பைச் சோதிப்பார்கள். உள்ளே அடைக்கப்போகும் எண்ணெயையோ வாசனைத் திரவியத்தையோ தடவித் தேய்த்துப் பார்ப்பதும் அவசியம். வழிந்த பொருளே பூச்சைப் பழுதாக்கிவிடக்கூடும்.

பான்டோன் நிற அட்டையின் எண்ணைச் சொல்லிவிட்டால் நிறம் உறுதியாகிவிடும் என்ற நம்பிக்கை தவறானது. ஒரே எண் காகிதப் பெட்டியில் ஒன்றாகவும், பளபளப்பான மூடியில் வேறாகவும், மேட் டியூபில் இன்னொன்றாகவும் தெரியும். பகலொளியில் பொருந்திய இரண்டு பாகங்கள் கடை விளக்கில் பிரிந்து தெரிவதும் உண்டு. ஆகவே மூலப்பொருளிலேயே செய்த மாதிரியைப் பல விளக்குகளின் கீழ் பார்த்துக் கையெழுத்திட்டு, அதையே அளவுகோலாக வைக்க வேண்டும்.

இவ்வளவு கவனம் வீண்போவதில்லை. நிவியா கிரீம் 1911இல் மஞ்சள் டப்பாவில் வந்து, 1925இல் நீலத்துக்கு மாறியது. அந்த நீலத்தை வணிகக்குறியாக வைத்துக்கொள்ளும் உரிமை குறித்த வழக்கு 2015இல் ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம்வரை சென்றது.

இந்தியாவில் சட்டமும் நிறத்தில் தலையிடுகிறது. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி விலையும் நிகர அளவும் பின்னணியிலிருந்து தெளிவாக வேறுபடும் நிறத்தில் இருக்க வேண்டும். கறுப்பின்மேல் கறுப்பு அச்சு அழகுதான். இந்த விவரங்களுக்கு அது உதவாது. கறுப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. கார்பன் பிளாக் கலந்த கறுப்புப் பிளாஸ்டிக் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுவதால், மறுசுழற்சி நிலையங்களில் பிளாஸ்டிக் வகைகளைப் பிரிக்கும் கருவிகளுக்கு அது பிடிபடாது. இதற்கு மாற்றாகக் கார்பன் பிளாக் இல்லாத கறுப்பு நிறமிகள் இப்போது விற்பனைக்குக் கிடைக்கின்றன.