ஏர்லி வான்கூவர்

கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் நகரம் உருவான கதையை, அதைக் கண்ணால் கண்டவர்களின் வாய்மொழியாகவே சொல்லும் ஏழு தொகுதி நூல் ஏர்லி வான்கூவர். தொகுத்தவர் அந்நகரின் முதல் ஆவணக் காப்பாளர் மேஜர் ஜேம்ஸ் ஸ்கிட் மேத்யூஸ் (1878–1970).

மர அறுவை ஆலைகளை அண்டி வளர்ந்த கிரான்வில் என்ற சிற்றூர், 1886 ஏப்ரல் 6 அன்று வான்கூவர் என்ற பெயரில் நகராட்சி ஆனது. இரண்டு மாதம் கழித்து, ஜூன் 13 அன்று, காடு திருத்த வைத்த நெருப்பு காற்றில் பரவி, ஒரு மணி நேரத்துக்குள் ஊரையே எரித்துவிட்டது. நகராட்சி அலுவலகம் கூடாரத்தில் இயங்கியது. அடுத்த ஆண்டே ரயில் வந்தது. ஊர் வேகமாகப் பெருகியது. 1930 வாக்கில், பழைய ஊரை நேரில் கண்டவர்கள் முதுமையில் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தார்கள்.

வேல்ஸில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்த மேத்யூஸ் 1898இல் வான்கூவர் வந்தார். எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்தார். முதல் உலகப் போரில் பங்கேற்றார். வரலாற்றுத் துறைப் பயிற்சி எதுவும் இல்லாதவர். முதியவர்களைச் சந்தித்து, அவர்கள் சொன்னதைத் தேதியிட்டுத் தட்டச்சு செய்துவைத்தார். பழைய படங்களையும் கடிதங்களையும் சேர்த்தார். முதல் தொகுதி 1931–32இல் திரட்டியவற்றைக் கொண்டது. 1933இல் நகராட்சி அவரை ஆவணக் காப்பாளராக நியமித்தது. சேகரிப்பு யாருக்குச் சொந்தம் என்பதில் அவருக்கும் நகராட்சிக்கும் கடும் பிணக்கு இருந்தது.

அவரது உழைப்பில் மிகப் பெரிய மதிப்புடையது, ஸ்குவாமிஷ் பழங்குடியைச் சேர்ந்த ஆகஸ்ட் ஜாக் காட்சலானோவுடன் (இறப்பு 1967) பல ஆண்டுகள் நடத்திய உரையாடல்கள். இன்று ஸ்டான்லி பூங்கா என்று அழைக்கப்படும் இடத்தில், சேய்தூஸ் என்ற குடியிருப்பில் காட்சலானோவின் குடும்பம் வாழ்ந்தது. பூங்காவைச் சுற்றிச் சாலை போட வந்த நில அளவையாளர்கள், உள்ளே குடும்பத்தார் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வீட்டின் மூலையை வெட்டியதை அவர் மேத்யூஸிடம் விவரித்தார். ஸ்டான்லி பூங்கா 1888 செப்டம்பரில் விழா எடுத்துத் திறக்கப்பட்டதும் அந்தச் சேய்தூஸில்தான். ஆளில்லாக் காட்டைப் பூங்காவாக்கினார்கள் என்ற எண்ணத்தை இந்த ஒரு சாட்சியமே தகர்த்துவிடுகிறது. ஊர்ப் பெயர்கள், மீன்பிடி முறைகள், படகு கட்டும் விதம் என அவர் சொன்னவை 1955இல் 'காட்சலானோவுடன் உரையாடல்கள்' என்ற தனி நூலாயின.

நூலுக்குக் குறைகளும் உண்டு. மேத்யூஸ் பிரிட்டிஷ் பேரரசின் மீது பெரும் பற்றுக் கொண்டவர். வெள்ளையர் குடியேற்றத்தை வீரச் செயலாகவே கண்டார். முதியவர்களின் நினைவில் ஆண்டும் இடமும் பிசகுவது இயல்பு. ஒரே நிகழ்ச்சி இருவர் வாயில் இருவிதமாக வருகிறது. ஆனால், பேசியவர் பெயரும் பேசிய நாளும் கூடவே இருப்பதால், படிப்பவர் ஒப்பிட்டு எடைபோட முடிகிறது.

1970இல் இறக்கும்வரை மேத்யூஸ் ஆவணக் காப்பாளர் பணியில் இருந்தார். நகர ஆவணக் காப்பகத்துக்காக வேனியர் பூங்காவில் எழுந்த கட்டடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. நகரத்தின் 125ஆம் ஆண்டையொட்டி, 2011இல் ஏழு தொகுதிகளும் மின்பதிப்பாக வெளியாயின.