ராமானுஜன் தவறவிட்ட ஒரு எண்

பேராதனையில் எங்கள் கலைப்பீடம் மகாவலிக்கு இந்தப் பக்கம். அக்பர் பாலத்தைத் தாண்டினால் பொறியியல் பீடம். கணக்கு என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து விஷயம் என்றுதான் நானும் இருந்தேன். "கணக்கு வாறவங்களுக்குத்தான் வரும்" என்று பள்ளியில் சொன்னாங்க. நம்பிட்டேன், ஓ.எல்லோடு விட்டுட்டேன். அதற்கு உதாரணமாக எப்பவும் சொல்லப்பட்டவர் ராமானுஜன். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொல்லுவாளாம். எங்க கனவில் யார் வருவா?

ஆனால் அவர் 1915இல் வெளியிட்ட ஒரு கட்டுரை வேறு கதை சொல்லுது.

சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கிளார்க் வேலை பார்த்தவர், 1914 மார்ச்சில் கப்பலேறி கேம்பிரிட்ஜ் போனார். அடுத்த வருடம் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் அந்த நீண்ட கட்டுரை வந்தது. விஷயம் லேசானதுதான். 12ஐ எடுங்க. 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். 12ஐ விடச் சின்ன எந்த எண்ணுக்கும் ஆறு காரணி கிடையாது. இப்படித் தனக்கு முந்திய எல்லா எண்களையும் காரணிக் கணக்கில் முந்துகிற எண்களைத்தான் அவர் தேடினார். மணிக்கு 60 நிமிடம் என்கிறோமே, அந்த 60ம் இந்தக் கூட்டம்தான்.

காரணிகளை ஒவ்வொன்றாக எண்ணத் தேவையில்லை. எண்ணை முதன்மை எண்களாக உடைத்தால் போதும். 12 என்பது 2×2×3. இரண்டு 2, ஒரு 3. ஒவ்வொரு எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 3×2=6. விடை வந்துட்டுது.

இந்த வழியில், கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், ராமானுஜன் 102 எண்களைப் பட்டியலிட்டார். கடைசி எண் 6746328388800. ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடிக்கும் மேல்! அதற்கு 10080 காரணிகள்.

அந்தப் பட்டியலில் ஒரு எண் விடுபட்டிருக்கு. 293318625600.

உடைத்துப் பார்ப்போம். ஆறு 2, நாலு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்று. காரணிகள் 7×5×3×3×2×2×2×2, அதாவது 5040. இதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. பட்டியலில் இருந்திருக்க வேண்டியதுதான். வேடிக்கை என்னவென்றால், விடுபட்ட இந்த எண்ணை 23ஆல் பெருக்கினால் அவருடைய கடைசி எண் வந்துவிடும். கடைசி எண்ணுக்குள்ளேயே அது ஒளிந்திருக்கு.

இதை வைத்து அவரைக் குறைத்துப் பேச வரவில்லை. இந்த ஆய்வுக்காகத்தான் 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தவறி, கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவருக்கு அது! சங்கத்திடம் பணமில்லாததால் அச்சேறாமல் போன கட்டுரையின் மிச்சப் பகுதி 1997இல்தான் வெளிவந்தது. அவர் இறந்து 77 வருடம் கழித்து.

எனக்குப் பிடித்தது அந்த ஒரு ஓட்டைதான். கனவில் வந்த பட்டியல் என்றால் ஒன்று குறையுமா? ஒவ்வொரு எண்ணாக உடைத்து, பெருக்கி, முந்தியதோடு ஒப்பிட்டு, கையால் எழுதின மனுசனுக்குத்தான் ஒன்று தவறும். தெய்வக் கதை ராமானுஜனை உயரத்தில் வைக்குது, சரி. ஆனால் அவர் பட்ட பாட்டை மறைச்சிடுது. பின் வரிசையில் இருக்கிற பிள்ளையிடம் "இது உனக்கில்லை" என்று சொல்லவும் அதே கதைதான் உதவுது.

போனில் கால்குலேட்டர் இருக்கு. இருந்தாலும் அந்த 23ஆல் பெருக்குற கணக்கை நான் ஒரு கொப்பித் தாளில் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் தரம்தான் சரியா வந்தது.