எடையிலிருந்து தசைக்கு: புற்றுநோயாளரின் ஆயுள் கணிப்பில் உடற்கூட்டமைவு அளவீட்டின் வரலாறு

முன்னுரை

புற்றுநோயாளரின் உடல் மெலிவு நோயின் போக்கை உணர்த்தும் என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த செய்தியாகும். அம்மெலிவை எதைக்கொண்டு அளப்பது என்பதில்தான் பெரும் மாற்றம் நிகழ்ந்துள்ளது. எடைப்பொறியில் தொடங்கிய அளவீடு, சி.டி. படத்திலுள்ள தசையையும் கொழுப்பையும் கணினியே பிரித்தறியும் நிலையை இன்று எட்டியுள்ளது. இவ்வளர்ச்சியில் அளக்கும் உழைப்பு எந்திரத்திடம் சென்றதேயன்றி, அளவின் பொருளை முடிவுசெய்யும் பொறுப்பு மனிதரிடமே தங்கியுள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எடை என்னும் முதல் அளவுகோல்

19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியப் புள்ளியியலாளர் அடோல்ப் கெட்டலே, வளர்ந்தோரின் எடை உயரத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதைக் கண்டறிந்தார். அவ்விகிதத்திற்கு 1972இல் ஆன்சல் கீஸும் உடனாய்வாளரும் 'உடல் நிறை குறியெண்' எனப் பெயரிட்டனர். 1980இல் டிவைஸும் உடனாய்வாளரும் 3,047 புற்றுநோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து, வேதிச்சிகிச்சைக்கு முன்பே எடை இழந்தோர் குறைந்த காலமே வாழ்ந்தனர் என்று காட்டினர்.

எனினும், எடை ஒரு கூட்டுத்தொகை. இழந்தது தசையா கொழுப்பா என்பதை அது சொல்வதில்லை. வயிற்றில் நீர் கோத்த நோயாளரின் தசை கரைந்துகொண்டிருக்கும்போதும் எடை மாறாதிருக்கலாம். மருந்தளவிலும் இக்குறை உண்டு. வேதிச்சிகிச்சை மருந்துகள் பல, உயரத்தையும் எடையையும் கொண்டு கணிக்கப்படும் உடற்பரப்பின் அடிப்படையில் தரப்படுகின்றன. இதற்குப் பரவலாகப் பயன்படும் டுபாய்ஸ் வாய்பாடு, 1916இல் ஒன்பது பேரின் அளவுகளிலிருந்து உருவானதாகும். தசையளவில் பெரிதும் வேறுபட்ட இருவர்க்கு இம்முறையில் ஒரே அளவு மருந்து கிடைக்கக்கூடும்.

படம் தந்த புதிய சான்று

1971 அக்டோபர் 1 அன்று இலண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்குச் சி.டி. படம் எடுக்கப்பட்டது. அக்கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹௌன்ஸ்பீல்டு, ஆலன் கார்மக்குடன் 1979இல் நோபல் பரிசு பெற்றார். இப்படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். நீருக்கு 0, காற்றுக்கு −1000 எனக் கொள்ளும் ஹௌன்ஸ்பீல்டு அளவையில், −29 முதல் +150 வரையிலான எண்கள் தசைக்குரியனவாக ஆய்வுகளில் கொள்ளப்படுகின்றன.

முதுமையில் நேரும் தசையிழப்புக்கு 1989இல் இர்வின் ரோசன்பர்க் 'சார்கோபீனியா' என்னும் சொல்லை முன்வைத்தார். 2004இல் வெய் ஷென்னும் உடனாய்வாளரும், வயிற்றுப்பகுதியின் ஒரே குறுக்குவெட்டுப் படத்திலிருந்து முழு உடலின் தசையையும் கொழுப்பையும் மதிப்பிடலாம் என்று காட்டினர். பின்னர் மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்திலான வெட்டு, புற்றுநோய் ஆய்வுகளில் வழக்கமாயிற்று. கட்டியைக் காண எடுத்த படமே தசைக்கும் சான்றானதால், நோயாளர் மீண்டும் கதிர்வீச்சுக்கு உட்பட வேண்டியதில்லை.

இவ்வழியில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லா பிராடோ, விக்கி பராகோஸ் உள்ளிட்டோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒரு திருப்புமுனையாகும். நுரையீரல், உணவுப்பாதைப் புற்றுநோயாளர் 2,115 பேருள் 325 பேர் உடற்பருமன் உடையோர். அவர்களுள் படம் கிடைத்த 250 பேரில் 38 பேர்க்குத் தசைக்குறைவு இருந்தது. தசைக்குறைவற்ற பருத்தோரை நோக்க, இவர்களின் இறப்பு இடர் சுமார் நான்கு மடங்காக இருந்தது. பருத்த உடலுக்குள் மெலிவு மறைந்திருக்கலாம் என்பதை எடை காட்டவில்லை, படம் காட்டியது.

எந்திரம் ஏற்ற உழைப்பு

தொடக்க ஆய்வுகளில் பயிற்சி பெற்றவர் ஒவ்வொரு படத்திலும் தசையின் எல்லையைக் கணினித்திரையில் குறித்தார். ஆயிரக்கணக்கான படங்களுக்கு இம்முறை ஒவ்வாது. 2015இல் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் உருவான 'யு-நெட்' என்னும் நரம்பியல் வலையமைப்பு, மருத்துவப் படங்களைப் பகுதிகளாகப் பிரிக்கும் பணிக்கு அடித்தளமிட்டது. மனிதர் எல்லை குறித்த படங்களைக் கண்டு பயின்ற இத்தகைய வலையமைப்புகள், புதிய படத்தில் தசையை நொடிகளில் வரையறுக்கின்றன. ஆகவே எந்திரத்தின் திறனும் முன்னைய கைவேலையின் மேல் எழுந்ததே.

எல்லைக்கோடு யாருடையது?

பரப்பளவை எந்திரம் தருகிறது; அது குறைவா இல்லையா என்பதை எல்லைக்கோடு தீர்மானிக்கிறது. மேற்கண்ட 2008ஆம் ஆண்டு ஆய்வு, உயரத்தின் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்களுக்கு 52.4, பெண்களுக்கு 38.5 சதுர சென்டிமீட்டர் தசை என எல்லை வகுத்தது. பருமனான கனடிய நோயாளரிடமிருந்து பெறப்பட்ட இவ்வெண்கள் பிற மக்கள் குழுக்களுக்கும் எடுத்தாளப்பட்டன.

இதன் இடரை உணர்த்த வேறொரு துறையின் சான்று உதவும். 2004இல் புனேயின் யாஜ்னிக்கும் இலண்டனின் யுட்கினும் தம் உடல்களையே ஒப்பிட்டு வெளியிட்டனர். இருவர்க்கும் குறியெண் 22.3, உடற்கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு, யுட்கினுக்கு 9.1 விழுக்காடு. ஒரு மக்களிடம் பிறந்த அளவுகோலை மற்றொரு மக்கள்மீது அப்படியே வைத்தால், அளவு துல்லியமாயிருந்தும் தீர்ப்பு பிழையாகலாம். நரம்புவழிச் செலுத்தும் மாறுபாட்டு மருந்தும் தசையின் ஹௌன்ஸ்பீல்டு எண்ணை மாற்றக்கூடும் என்பது மற்றொரு சிக்கல்.

முடிவுரை

எடை மறைத்ததைப் படம் வெளிப்படுத்தியது. படத்தை அளக்கும் உழைப்பை எந்திரம் ஏற்றது. ஆனால் தசைக்குறைவு ஆயுளைக் குறைக்கிறதா, கடுமையான நோய் இரண்டையும் குறைக்கிறதா என்னும் வினாவை அளவீடு மட்டுமே தீர்க்காது. கணிப்பு என்பது ஒரு குழுவின் கடந்தகாலத்தைக் கொண்டு ஒருவரின் எதிர்காலத்தை மதிப்பிடுவது. அக்குழுவில் அவரைப் போன்றோர் இடம்பெற்றிருந்தனரா என்று கேட்பதே இவ்வரலாறு உணர்த்தும் முதற்கடமை. இந்திய நோயாளரின் படங்களிலிருந்தே எல்லைக்கோடுகளை வகுத்துச் சரிபார்ப்பது அதன் தொடர்ச்சியாக அமைய வேண்டிய பணியாகும்.